கடைசிப் பக்கம் இல்லாமல் போன நாவல்: லண்டன், 1851

எதைப் பற்றிய பதிவு

ஒரு நாவலின் முடிவு பிடிக்கவில்லை என்று வாசகர்கள் சொல்வது புதிதல்ல. ஆனால் தன் புத்தகத்தில் அச்சாகாமலே போன முடிவுக்காக ஒரு எழுத்தாளர் திட்டு வாங்குவது அபூர்வம். 1851 அக்டோபரில் லண்டனில் அது நடந்தது. நாவல், ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்'. அதை முதலில் படித்தவர்கள் கையில் இருந்த பிரதியில் கடைசிப் பக்கம் இல்லை. இல்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. கதை சொன்னவனும் கப்பலோடு மூழ்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் இந்தக் கதையை நமக்குச் சொன்னது யார் என்று கேட்டார்கள்.

அன்றைய இதழ்களில் மதிப்புரை எழுதியவரின் பெயர் போடும் வழக்கம் இல்லை. அதனால் அவர்களைப் பத்திரிகையின் பெயரால் மட்டும் குறிப்பிடுகிறேன். அச்சுக்கூடத்தில் தாள்களைக் கையாண்டவர்களுக்கும் பெயர் இல்லை. இவர்களில் யாரையும் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. ஒவ்வொருவரும் எடுத்த முடிவுக்கு அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகத்தை என்ன செய்தன என்பதைத்தான் தேதிவாரியாகப் பார்க்கப் போகிறோம்.

பின்னணி

மெல்வில் 1819இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1841 ஜனவரியில், 21 வயதில், 'அக்குஷ்நெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றரை வருடம் கழித்து பசிபிக் கடலின் நுக்கு ஹிவா தீவில் கப்பலை விட்டு ஓடிவிட்டார். அந்தத் தீவு அனுபவத்தை வைத்து 1846இல் எழுதிய முதல் புத்தகம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1850 வரை மொத்தம் ஐந்து புத்தகங்கள். கடல், தீவு, மாலுமி வாழ்க்கை என்றால் மெல்வில் என்ற அளவுக்கு அவருக்கு அட்லாண்டிக்கின் இரு கரையிலும் வாசகர்கள் இருந்தார்கள்.

1850 ஜூனில் அவர் லண்டன் பதிப்பாளர் ரிச்சர்ட் பென்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். தென்கடல் ஸ்பெர்ம் திமிங்கில வேட்டையில் உலவும் கதைகளை அடிப்படையாக வைத்து ஒரு சாகசக் கதை தயாராகிறது, இலையுதிர் காலத்துக்குள் முடிந்துவிடும் என்றார். முடியவில்லை. இன்னும் ஒரு வருடம் இழுத்தது. மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்டு அருகே ஒரு பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறினார், பக்கத்து ஊரில் இருந்த நாவலாசிரியர் நதானியல் ஹாதார்னோடு நெருக்கமானார், நாவலும் வளர்ந்துகொண்டே போனது.

பணம் நெருக்கியது. அவருடைய அமெரிக்கப் பதிப்பாளரான ஹார்ப்பருக்கு அவர் ஏற்கெனவே ஏறக்குறைய 700 டாலர் பாக்கி. 1851 ஏப்ரலில் முன்பணம் கேட்டபோது ஹார்ப்பர் மறுத்துவிட்டது. வேறு இடத்தில் கடன் வாங்கினார். நியூயார்க்கில் ஒரு அச்சகத்தைப் பிடித்துத் தன் செலவிலேயே நாவலை அச்சுக்கோத்து, தகடு எடுக்க ஏற்பாடு செய்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த முடிவுதான் தொடக்கம். நூல் நியூயார்க்கில் உருவாகிறது, லண்டனுக்கு அதன் அச்சுத் தாள்கள் கப்பலில் போகின்றன, லண்டன்காரர்கள் அதைப் பார்த்து மறுபடி அச்சுக்கோக்கிறார்கள் என்று ஆயிற்று.

முதலில் லண்டனில் வெளியிடுவது என்ற முடிவு

அந்தக் காலத்தில் அமெரிக்கர் எழுதிய புத்தகம் முதலில் பிரிட்டனில் வெளிவந்தால்தான் அங்கே பதிப்புரிமை கோர முடியும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், எழுதியவருக்கு ஒரு காசு வராது. முதலில் வந்தாலும் அந்த உரிமை செல்லுமா என்று நீதிமன்றங்கள் அந்த வருடங்களில் மாற்றி மாற்றித் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தன. ஆனாலும் வேறு வழி இல்லை. பென்ட்லி 150 பவுண்டு முன்பணமும் லாபத்தில் பாதியும் தருவதாகச் சொன்னார். மெல்வில் ஒப்புக்கொண்டார். 1851 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் தாள்கள் லண்டனுக்குப் புறப்பட்டன.

தாள்கள் போன பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. நூலின் பெயர் 'மோபி டிக்' என்று மாறியது. ஹாதார்னுக்குச் சமர்ப்பணமும் சேர்ந்தது. மெல்விலின் தம்பி லண்டனுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். சமர்ப்பணம் ஏறியது, பெயர் மாற்றம் ஏறவில்லை. லண்டனில் புத்தகம் 'திமிங்கிலம்' என்று பொருள்படும் பழைய தலைப்பிலேயே வந்தது. கடிதம் கடலைக் கடக்க இரண்டு வாரம் ஆகும் காலம் அது. ஒரு திருத்தம் போய்ச் சேர்வதற்குள் எந்திரம் ஓடிவிடும். லண்டனில் கோத்த புரூஃபை மெல்வில் பார்க்கவே இல்லை.

லண்டன் பதிப்பில் என்ன செய்தார்கள்

1851 அக்டோபர் 18 அன்று மூன்று தொகுதிகளாக 500 படிகள் வந்தன. விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தக் காலத்து மூன்று தொகுதி நாவலின் வழக்கமான விலை அது. வாங்கிப் படிப்பவர்களைவிட வாடகை நூலகத்தில் எடுத்துப் படிப்பவர்களே அதிகம்.

பென்ட்லியின் பதிப்பாசிரியர் கை பல இடங்களில் விழுந்திருந்தது. பைபிளைக் கொஞ்சம் சுதந்திரமாகக் கையாண்ட வரிகள், உடல் சம்பந்தப்பட்ட வரிகள், அரசரைக் கிண்டல் செய்த வரிகள் போயின. முடிசூட்டு விழாவில் அரசர் தலையில் தடவும் எண்ணெய் திமிங்கில எண்ணெய்தான் என்று சொல்லும் 25ஆம் அத்தியாயம் முழுசாகவே இல்லை. இவை தெரிந்து செய்த வெட்டுகள். பிரிட்டிஷ் நூலக வாசகர் முகம் சுளிக்கக் கூடாது என்ற வியாபாரக் கணக்கு அதில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் புரிகிறது.

இன்னொரு மாற்றம் பார்வைக்குச் சாதாரணம். மெல்வில் நாவலின் தொடக்கத்தில் 'திமிங்கிலம்' என்ற சொல்லின் வரலாற்றையும், உலக நூல்களில் திமிங்கிலம் பற்றி வந்த மேற்கோள்களின் நீண்ட தொகுப்பையும் வைத்திருந்தார். கதைக்குள் நுழைய விடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, லண்டனில் அவற்றைத் தூக்கி மூன்றாம் தொகுதியின் கடைசியில் போட்டார்கள்.

அந்தக் கடைசியில்தான், 135ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு, அத்தியாய எண் இல்லாத ஒரு பக்கப் பின்னுரை இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தன் காலைக் கடித்துத் துண்டித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கக் கப்பல்தலைவன் ஆகாப் உலகக் கடல்களைச் சுற்றுகிறான். மூன்று நாள் துரத்தலுக்குப் பிறகு திமிங்கிலம் அவனுடைய 'பீக்வாட்' கப்பலை முட்டி உடைக்கிறது. ஆகாப் தன் ஈட்டிக் கயிறு கழுத்தில் சுற்றிக் கடலுக்குள் இழுக்கப்படுகிறான். கப்பலும் படகுகளும் சுழலில் இறங்குகின்றன. ஐயாயிரம் வருடத்துக்கு முன் புரண்டதைப் போலவே கடல் புரள்கிறது என்பதோடு 135ஆம் அத்தியாயம் முடிகிறது.

பின்னுரையின் உச்சியில் பைபிளின் யோபு புத்தகத்தின் வாக்கியம் நிற்கிறது: செய்தி சொல்ல நான் ஒருவன் மட்டும் தப்பி வந்தேன் என்று ஓடிவரும் வேலைக்காரனின் சொல். அதன் கீழே கதை சொல்பவனான இஸ்மவேல் பேசுகிறான். ஆகாபின் படகில் ஒருவருடைய இடம் காலியானபோது அங்கே போய் உட்கார நேர்ந்தவன் அவன். படகு ஆடியதில் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பின்தங்கிப் போனவன். கப்பல் மூழ்கிய சுழல் அவனையும் மெல்ல மெல்ல இழுக்கிறது. மையத்தை அவன் நெருங்கும்போது உள்ளிருந்து ஒரு சவப்பெட்டி மேலே பாய்ந்து வந்து பக்கத்தில் மிதக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் மிதக்கிறான். சுறாக்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல விலகிப் போகின்றன. இரண்டாம் நாள் 'ராகேல்' என்ற கப்பல் அவனைத் தூக்கிக்கொள்கிறது.

அந்தச் சவப்பெட்டி அவன் நண்பன் குவீக்வெக்கினுடையது. காய்ச்சலில் சாகக் கிடந்தபோது தனக்காகச் செய்யச் சொன்னான். பிழைத்துக்கொண்ட பிறகு அதைத் துணிப்பெட்டியாக வைத்துக்கொண்டான், தன் உடம்பில் பச்சை குத்தியிருந்த உருவங்களை மூடியின்மேல் செதுக்கினான். பிறகு கப்பலின் உயிர்காப்பு மிதவை காணாமல் போனபோது தச்சர் அந்தப் பெட்டியின் இடுக்குகளை அடைத்து மிதவையாக மாற்றினார். 'ராகேல்' கப்பலும் முன்பே வந்ததுதான். அதன் தலைவர் கடலில் தொலைந்த தன் 12 வயது மகனைத் தேடிக்கொண்டிருக்கிறார், தேட உதவுங்கள் என்று ஆகாபைக் கெஞ்சுகிறார், ஆகாப் மறுத்துவிடுகிறான். கடைசியில் அந்தக் கப்பல் தன் பிள்ளையைத் தேடி அலைந்து வேறொரு அநாதையைக் கண்டெடுக்கிறது.

இந்த ஒரு பக்கம் இருந்தால் ஒரு நாவல், இல்லாவிட்டால் வேறு நாவல். இல்லாத பிரதியில் பழிவெறியும் கடலும் மட்டும் மிஞ்சுகின்றன. அதற்கும் ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற பிரதியில், செத்துப்போன நண்பனின் பெட்டி ஒருவனை உயிரோடு கரை சேர்க்கிறது. மகனைத் தேட ஆகாப் மறுத்த கப்பலே ஆகாபின் ஆளைக் காப்பாற்றுகிறது. முதல் வாசகர்களுக்கு இதில் எதுவும் போய்ச் சேரவில்லை. இந்தச் சம்பவத்தைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

வாசகர்கள் என்ன சொன்னார்கள்

புத்தகம் வந்த ஒரே வாரத்தில், அக்டோபர் 25 அன்று, இரண்டு முக்கியமான வார இதழ்களில் மதிப்புரை வந்துவிட்டது. மூன்று தொகுதிகளை ஒரு வாரத்துக்குள் படித்து, எழுதி, அச்சுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இந்த வேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'ஸ்பெக்டேட்டர்' ஒரு விதியிலிருந்து தொடங்கியது. எழுதுபவர் தெரிந்துகொண்டிருக்கவே முடியாத எதையும் நாவலில் வைக்கக் கூடாது; சுரங்கத்தில் எல்லோரும் செத்துப்போனார்கள் என்றால் அங்கே அவர்கள் பேசிக்கொண்டதை எழுதக் கூடாது. மெல்வில் இதைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை, 'நான்' என்று தொடங்கி இஷ்டத்துக்கு வேறு நடைக்கு மாறுகிறார் என்றது. அதற்கு மேல், முடிவு எல்லா விதியையும் மீறுகிறது: ஆகாபும் அவன் படகும் மட்டுமல்ல, கப்பலே எல்லோரோடும் மூழ்கிவிடுகிறது என்றது.

'ஏதினியம்' இன்னும் கடுமை. கற்பனையும் தகவலும் சரியாகக் கலக்காத கலவை என்றது. இறுதிப் பேரழிவு அவசரமாகவும், பலவீனமாகவும், தெளிவில்லாமலும் கையாளப்பட்டிருக்கிறது என்றது. டிசம்பர் 6 அன்று 'லிட்டரரி கெஸட்' நேராகவே கேட்டது: மற்றவர்களோடு மூழ்கிவிட்டதாகத் தெரிகிற இந்தக் கற்பனை ஆசிரியர் தன் குறிப்புகளை திரு. பென்ட்லிக்கு எப்படி அனுப்பிவைத்தார் என்பது விளக்கப்படவில்லை.

எல்லோரும் இப்படி எழுதவில்லை. அதே அக்டோபரில் லண்டன் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் மனம் திறந்த பாராட்டுகளும் வந்தன. முடிவில் குறை இருந்தாலும் இந்த ஆளின் மொழி வேறு தளத்தில் இருக்கிறது என்று உணர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் கடல் கடந்து போனது பாராட்டு அல்ல. அதற்கு வருகிறேன்.

பிரதியிலேயே இருந்த தடயங்கள்

குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் உண்டு. கையில் இருந்ததை வைத்துத்தானே தீர்ப்பு சொல்ல முடியும்? ஆனால் லண்டன் பதிப்பில்கூட இஸ்மவேல் சாகவில்லை என்பதற்குத் தடயங்கள் இருந்தன. நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இவற்றுக்காகத்தான்.

முதல் தடயம் 135ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. திமிங்கிலம் முட்டி ஆகாபின் படகு சாயும்போது துடுப்பு வலிப்பவர்கள் மூவர் தண்ணீரில் விழுகிறார்கள். இருவர் விளிம்பைப் பிடித்து மறுபடி ஏறிவிடுகிறார்கள். மூன்றாமவன் பின்னால் தங்கிவிடுகிறான், ஆனால் மிதக்கிறான், நீந்துகிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெயரும் இல்லை. எல்லோரும் சாகப்போகிற ஒரு பக்கத்தில், ஒருவன் மட்டும் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறான் என்று ஒரு எழுத்தாளர் எதற்காகச் சொல்லி வைக்க வேண்டும்?

இரண்டாவது, 54ஆம் அத்தியாயம். 'டவுன்-ஹோ' என்ற கப்பலின் கதையை, லிமா நகரத்துச் சத்திரத்தில் ஸ்பானிய நண்பர்களுக்குத் தான் முன்பு சொன்ன பாணியிலேயே சொல்வதாக இஸ்மவேல் சொல்கிறான். அந்தக் கதை அவன் காதுக்கு வந்ததே 'பீக்வாட்' பயணத்தில்தான். அப்படியானால் லிமா அதற்குப் பிறகு. 85ஆம் அத்தியாயத்தில் தான் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தையே குறிக்கிறான்: டிசம்பர் 16, பிற்பகல் 1 மணி 15 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டிய கணம். மூழ்கிப்போனவன் கடிகாரத்தைப் பார்த்து எழுத மாட்டான்.

சவப்பெட்டி மிதவையானதும், 'ராகேல்' பிள்ளையைத் தேடி அலைவதும் லண்டன் பதிப்பில் அப்படியே இருந்தன. மெல்வில் கட்டிவைத்த பாலத்தின் தூண்கள் எல்லாம் நின்றன, மேலே போட வேண்டிய கடைசிப் பலகை மட்டும் காணோம்.

இதைப் பார்க்கும்போது நமக்குச் சட்டென்று வேறொன்று நினைவுக்கு வரும். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. புலவர் பாட மறந்துவிட்டார் என்று நாம் யாரும் சொல்வதில்லை, ஏடு போய்விட்டது என்கிறோம். ஓலைச்சுவடியோடு வாழ்ந்த மரபுக்கு அந்தச் சந்தேகம் தானாகவே வருகிறது. புதிதாக அச்சாகி, பளபளப்பாகக் கட்டடம் செய்து, வாசனை போகாமல் வந்த மூன்று தொகுதிகளைக் கையில் வைத்திருந்தவருக்கு அது வரவில்லை. அச்சு அவ்வளவு நம்பிக்கை தருகிறது.

பக்கம் எப்படிப் போனது

இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பின்னுரையை மெல்வில் தாமதமாக, தாள்கள் லண்டன் போன பிறகு எழுதியிருக்கலாம். இன்னொன்று, மேற்கோள் தொகுப்பை முன்னிருந்து பின்னுக்கு மாற்றியபோது கடைசித் தாள்களின் வரிசை குலைந்து, எண் இல்லாத ஒற்றைப் பக்கம் தவறிப்போயிருக்கலாம்.

என் சாய்வு இரண்டாவதன் பக்கம். மேலே சொன்ன தடயங்கள் எல்லாம் லண்டன் போன தாள்களிலேயே இருக்கின்றன. நீந்துகிற மூன்றாம் ஆளை எழுதியபோதே அவனுக்கு என்ன ஆகும் என்று மெல்விலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு அவர் மனதில் இருந்தது, தாளில்தான் தொலைந்தது. அச்சகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், முதல் ஃபாரமும் (ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்களின் தொகுதி) கடைசி ஃபாரமும்தான் தொல்லை பிடித்தவை என்பார்கள். பக்க எண் மாறுவதும், வெற்றுப் பக்கம் விழுவதும், துண்டுப் பக்கம் தவறுவதும் அங்கேதான்.

நியூயார்க் பதிப்பும், கடல் கடந்த தீர்ப்பும்

நவம்பர் 14 அன்று நியூயார்க்கில் ஹார்ப்பர் 'மோபி டிக்' என்ற பெயரில் ஒரே தொகுதியாக வெளியிட்டது. விலை ஒன்றரை டாலர். பின்னுரை அதன் இடத்தில் இருந்தது. யோபுவின் வாக்கியம், சவப்பெட்டி, 'ராகேல்' எல்லாம் இருந்தன.

இங்கே ஒரு தற்செயல். அந்த நவம்பரின் முதல் வாரத்தில் 'ஆன் அலெக்சாண்டர்' என்ற திமிங்கிலக் கப்பலை ஒரு திமிங்கிலம் முட்டி மூழ்கடித்த செய்தி வந்தது. சம்பவம் நடந்தது ஆகஸ்ட் 20 அன்று, பசிபிக்கில். மெல்வில் திகைத்துப்போய்த் தன் நண்பருக்கு எழுதினார்: என் பொல்லாத கலைதான் இந்த அரக்கனை எழுப்பிவிட்டதா? 1820 நவம்பர் 20 அன்று 'எஸ்ஸெக்ஸ்' கப்பல் அதேபோல மூழ்கியதை நாவலிலேயே சாட்சியாக வைத்திருந்தவர் அவர். திமிங்கிலம் கப்பலை மூழ்கடிக்குமா என்ற சந்தேகத்துக்குச் செய்தித்தாளே பதில் சொல்லிவிட்டது. முடிவு பற்றிய சந்தேகத்துக்கு அப்படி ஒரு பதில் வந்து சேரவில்லை.

காரணம், லண்டன் தீர்ப்பு முன்னாலேயே கப்பல் ஏறி வந்துவிட்டது. அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு லண்டன் இதழ்கள் என்றால் தனி மரியாதை. நவம்பர் 20 அன்று 'பாஸ்டன் போஸ்ட்' எழுதியது: இந்தப் புத்தகத்தில் ஏறக்குறைய பாதியைப் படித்துவிட்டோம், லண்டன் 'ஏதினியம்' சொன்னது சரிதான் என்று திருப்தி அடைந்தோம். கேட்கிற விலைக்கு இது தகாது, இலக்கியமாகவும் சரி, அச்சடித்த காகிதமாகவும் சரி என்று முடித்தது. நியூயார்க்கின் ஒரு மாத இதழ் டிசம்பரில் 'ஸ்பெக்டேட்டர்' மதிப்புரையை எடுத்துப் போட்டது.

இதை நான் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். லண்டன் மதிப்புரையாளர் செய்தது தவறென்றாலும் நேர்மையான தவறு. அவர் பார்த்ததைச் சொன்னார். பாஸ்டன்காரர் கையில் முழுப் புத்தகம் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு, குறைப் பிரதியைப் படித்த இன்னொருவரின் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருந்தால்கூடப் போதும், அங்கே ஒருவன் உயிரோடு இருந்திருப்பான். லண்டனில் ஒரு பக்கம் தொலைந்தது விபத்து. அமெரிக்காவில் அது மறுபடி தொலைந்ததை என்னால் விபத்து என்று சொல்ல முடியவில்லை.

பகை மதிப்புரைகள்தான் இப்படி மறுபதிப்பாகிப் பரவின. லண்டனில் வந்த பாராட்டுகளில் பெரும்பகுதி மெல்விலின் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. அவருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் ஹாதார்ன் எழுதிய ஒரு கடிதம். அந்தக் கடிதம் இன்று இல்லை. மெல்வில் எழுதிய பதில் இருக்கிறது: ஒரு பொல்லாத புத்தகத்தை எழுதிவிட்டேன், ஆனாலும் ஆட்டுக்குட்டியைப் போலக் களங்கமில்லாமல் உணர்கிறேன் என்கிறார்.

பின்விளைவு

எல்லாப் பழியையும் ஒரு பக்கத்தின் மேல் போட முடியாது. நாவல் கடினமானது. கதையை நிறுத்திவிட்டுத் திமிங்கிலத்தின் தலை, வால், கொழுப்பு என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுவது. மதத்தைச் சீண்டுகிறது என்ற கோபம் அமெரிக்காவில் தனியாகவே இருந்தது. முதல் புத்தகத்தைப் போல இன்னொரு தீவுக் கதையை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பின்னுரை இருந்திருந்தாலும் புத்தகம் விற்றுத் தீர்ந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், கதை சொல்லத் தெரியாதவர் என்ற பட்டம் வந்திருக்காது. அந்தப் பட்டம்தான் அடுத்த பேரத்தில் வேலை செய்தது.

1852இல் அடுத்த நாவலைக் கொடுத்தபோது, உங்கள் முந்தைய புத்தகங்களில் 453 பவுண்டுக்கு மேல் நஷ்டம் என்று பென்ட்லி கணக்குக் காட்டினார். பொருத்தமான ஒருவரை வைத்துப் பிரதியைத் திருத்த அனுமதித்தால் பார்க்கலாம் என்றார். மெல்வில் சம்மதிக்கவில்லை. அந்த உறவு அங்கே முடிந்தது. 1853 டிசம்பரில் ஹார்ப்பர் கிடங்கில் பிடித்த தீயில் விற்காமல் கிடந்த 'மோபி டிக்' படிகள் ஏறக்குறைய 300 எரிந்தன. மெல்வில் வாழ்ந்த காலம் முழுவதும் அமெரிக்காவில் விற்றது சுமார் 3200 படிகள். அங்கே அந்த நாவல் அவருக்குக் கொடுத்த வருமானம் மொத்தமே 556 டாலர். 1866 முதல் 19 வருடம் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்தார். 1891 செப்டம்பர் 28 அன்று இறந்தபோது அந்த நாவல் அச்சில் இல்லை.

1919இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டித்தான் புத்தகம் மறுபடி வாசிக்கப்பட்டது. 1921இல் அவருடைய வாழ்க்கை வரலாறு வந்தது, பிறகு பதிப்புகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் பின்னுரை அதன் இடத்தில் நின்றது. இன்றைக்கு ஒரு வாசகர், எல்லோரும் செத்தபின் யார் கதை சொன்னது என்று கேட்க வாய்ப்பே இல்லை. பக்கத்தைத் திருப்பினால் ஆள் இருக்கிறான். இப்போது வாசகர்கள் வேறொன்றைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள்: கடல் புரளும் அந்த வரியோடே நிறுத்தியிருக்கலாம், சவப்பெட்டி கொஞ்சம் ஆறுதலாகிவிட்டது என்பவர்கள் ஒரு பக்கம், அந்தப் பெட்டி இல்லாமல் குவீக்வெக் எதற்கு என்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முழுப் பிரதியைப் படித்தவர்கள் போடும் சண்டை என்பதால் இரண்டு பக்கத்தையும் ஆசையோடு கேட்கிறேன்.

என்ன மாறியிருக்கலாம்

லண்டனுக்கு அனுப்பிய தாள்களோடு ஒரு பட்டியல் போயிருக்கலாம்: மொத்தம் இத்தனை அத்தியாயம், அதன் பிறகு எண் இல்லாத ஒரு பக்கம் என்று. இரண்டு வரி போதும். பெயர் மாற்றத்துக்காகத் தனியாகக் கடிதம் எழுதிய வீட்டார், கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கத் தோன்றாதது இயல்புதான். தொலையும் என்று யார் நினைப்பார்கள்?

மெல்வில் லண்டன் புரூஃபைப் பார்த்திருக்கலாம் என்று சொல்வது சுலபம். போகவர நான்கு வாரம் ஆகும். கடன்காரர்கள் காத்திருக்கிறார்கள், உரிமைக்காக லண்டன் முந்த வேண்டும், நியூயார்க் பதிப்பும் அதற்குக் காத்திருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் காத்திருக்க முடிந்திருக்காது. தாள்களை இடம் மாற்றியவர்தான், மாற்றியபின் ஒருமுறை மூலத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருக்க வேண்டும். முன்னிருந்து பின்னுக்கு எதை எடுத்துப் போட்டாலும், கடைசியில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று பார்ப்பது அச்சு வேலையின் அரிச்சுவடி.

மதிப்புரையாளர்கள் கேட்டிருக்கலாம். பென்ட்லியின் அலுவலகம் லண்டன் நியூ பர்லிங்டன் தெருவில்தான் இருந்தது, இதழ்களும் அதே நகரத்தில். கதை சொன்னவன் எப்படிப் பிழைத்தான், கடைசியில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று ஒரு சீட்டு அனுப்பினால் அன்று மாலைக்குள் பதில் வந்திருக்கும். 'லிட்டரரி கெஸட்' அந்தக் கேள்வியைப் பென்ட்லியின் பெயரைச் சொல்லியே கேட்டது, ஆனால் அவரிடம் கேட்கவில்லை, அச்சில் கேட்டது. அது டிசம்பர் 6. அந்தக் கேள்விக்கான பதில் 22 நாட்களுக்கு முன்பே நியூயார்க்கில் அச்சாகி, ஒன்றரை டாலருக்குக் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது.